ஆறாவது வரியின் வெயிட்டேஜ்

மார்க் அட்டவணையின் ஆறாவது வரியில், வெயிட்டேஜ் கட்டத்தில் இருந்த இரண்டை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டாள்.

மொத்தம் தானாக மாறியது. ஜாங்கோ அறுபத்தேழு. ஃபிளாஸ்க் அறுபத்தொன்பது.

அப்பாடா.

ஒரு நிமிடம் முன்புவரை ஜாங்கோதான் ஏழு மார்க் முன்னால் நின்றது.

பதினோரு வருடமாகப் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிக்கொண்டிருந்த கம்பெனி பைத்தானுக்கு மாறுகிறது. புது மொழியில் ஜாங்கோ, ஃபிளாஸ்க் என்ற இரண்டு ஃபிரேம்வொர்க்குகளில், அதாவது ஆயத்த அடித்தளங்களில், எதை எடுப்பது என்று முடிவுசெய்து இன்று நாலு மணிக்குள் அனுப்பும் வேலையை மேனேஜர் அவள் தலையில் கட்டியிருந்தார். மூன்று நாள் உட்கார்ந்து, ஒரே பல் ஆஸ்பத்திரியின் அப்பாயின்ட்மென்ட் பக்கத்தை இரண்டிலும் எழுதிப் பார்த்தாள்.

ஃபிளாஸ்க் துணியை மட்டும் கொடுத்தது. வெட்டுவதும் தைப்பதும் நம் பாடு.

ஜாங்கோ தைத்த சட்டையையே நீட்டியது. நோயாளிகள் பட்டியல், சேர்க்க, திருத்த, நீக்க, தேட என்று அட்மின் பக்கம் முழுவதும் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகுதான் செங்கோடன் ஞாபகம் வந்தது.

அடுத்த மேசைக்காரன். எட்டு வருடமாக இங்கே அவன் எழுதுவது அட்மின் பக்கங்கள் மட்டும்தான். மகளை இந்த ஜூனில் எல்கேஜியில் சேர்த்திருக்கிறான். மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: அட்மின் பக்கம் ரெடிமேடாகக் கிடைத்தால் அந்த சீட் தேவையில்லை.

அதனால்தான் ஆறாவது வரி. 'நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் வசதி.' ஃபிளாஸ்க் ஜெயித்த ஒரே வரி அது. அதன் வெயிட்டேஜை, மொத்தத்தில் அந்த வரிக்குள்ள கனத்தை, ஏற்றினால் போதும். முடிவை முதலில் எடுத்துவிட்டு மார்க்கைப் பிறகு போடாத ஆபீஸ் எங்கே இருக்கிறது? அவளும் ஒரு தடவை போட்டால் குடியா முழுகிப் போய்விடும்?

சேமித்தாள். அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

பழக்கதோஷம். அட்டவணையையும் புரோகிராம் கோப்புகளோடு சேர்த்தே வைத்திருந்தாள். பழைய இரண்டோடு மதியமே ஒரு தடவை சேமித்தும் ஆயிற்று. அங்கே எதை மாற்றினாலும் பழையது சிவப்பிலும் புதியது பச்சையிலும் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் மேனேஜருக்குப் போகும். யார் பார்ப்பது என்று முறைவைத்துக் கணினியே சொல்லும்.

இன்று செங்கோடன் முறை.

அவன் திரையில் அது திறந்திருந்தது. சிவப்பில் இரண்டு. பச்சையில் ஐந்து.

அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர் சொன்னது அவன் காதுக்கும் போயிருந்தது.

அவளுக்குக் கூசியது. நல்லது செய்யப் போய்க் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட கூச்சம்.

அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். ஜன்னல் ஓரம் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மூன்று நாற்பதுக்கு அவன் குறிப்பு வந்தது. பேசுவதுபோலவே எழுதியிருந்தான்.

"அக்கா, இந்த அஞ்சை ரெண்டாக்கிருங்க. பத்து நிமிசத்துல வர்றதை நான் மூணு மாசம் உக்காந்து எழுதோணுமாக்கா?"

நாற்காலியைத் திருப்பினாள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றிருந்தது.

அவன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டிருந்தான்.

நாற்காலியைத் தன் திரைப் பக்கமே திரும்ப இழுத்துக்கொண்டாள். பிறகு அவன் சொன்னபடியே மாற்றி மறுபடி அனுப்பினாள்.

இந்தத் தடவை ஒப்புதல் கொடுக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.