சஹனைத் திருப்பியவன்

கடலோர முஸ்லிம் ஊர்களின் கல்யாணப் பழக்கங்களை ஆராயப் புறப்பட்ட இளைஞன் வேலாயுதனை, முதல் ஊரிலேயே ஓர் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். ‘சஹன்’ என்ற பெரிய வட்டத் தட்டில் மூவருக்கும் சேர்த்து நெய்ச்சோறு. அவரவர் பக்கத்தை அவரவர் சாப்பிட வேண்டும்.

“எங்க வாப்பாவும் சாச்சாவும் பேசி வருஷக்கணக்காச்சு சார். விருந்தாளி கையை எடுக்குற வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்க மாட்டாங்க,” என்று மணப்பெண்ணின் அண்ணன் புகாரி முன்பே காதில் சொல்லியிருந்தான். “சமாதானமாயிட்டா நாளைக்கு நிக்காஹ்வுக்கு சாச்சா வந்துருவாரு. மெதுவாத் தின்னுங்க.”

வயிறு நிறைந்த பிறகும் வேலாயுதன் பருக்கை பருக்கையாகத் தின்றுகொண்டிருந்தான். புகாரியின் தகப்பனான அண்ணன் மொகுதூம் திடீரென்று ஒரு நல்ல கறித்துண்டைத் தள்ளினார். அது வேலாயுதன் பக்கத்தில் வந்து நின்றது. விருந்தாளிக்கா, தம்பிக்கா? அவர் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. குழப்பத்தில் தட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டான். கறி தம்பி சதக்கின் முன்னால் போனது. சதக்கு பாதி தின்ற சோறு மொகுதூமின் முன்னால் வந்தது.

“என்ன சார் பண்ணிட்டீங்க!” என்றான் பக்கத்தில் நின்ற புகாரி.

தட்டைப் பழையபடி திருப்ப மொகுதூம் விளிம்பில் கை வைத்தார். அது நகரவில்லை. மறுபக்கம் சதக்கின் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது.

“ஏன் காக்கா, எஞ்சோறு உங்களுக்கு எறங்காதா?” என்று அண்ணனைக் கேட்டார் சதக்கு.

அது கோபமா, கேலியா, அழைப்பா என்று வேலாயுதனுக்குத் தெரியவில்லை. விளிம்பை விட்ட மொகுதூமின் கை, தம்பியின் சோற்றுக்கு மேலே வந்து நின்றது.