கிழக்கேருந்து சாயங்கால வெயில்

"உலகத்துல எங்கயாவது சாயங்காலம் கிழக்கேருந்து வெயில் அடிக்குமா கோமளா? நம்ம வீட்ல அடிக்குது."

கத்திக்கொண்டே சட்டையை மாட்டினான் சரவணக்குமார்.

அடிக்கத்தான் செய்தது. கள்ளிக்குப்பத்தில் லோன் போட்டு ஆசையாய் வாங்கிய ஃப்ளாட். எதிரே கிழக்குப் பக்கம் முளைத்த இருபது மாடி ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. மேற்கே இறங்குகிற வெயில் அதில் பட்டு, திரும்பி நேராக இவர்கள் படுக்கையறையில் வந்து விழுந்தது.

கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. கனமான திரை வாங்கிப் போட்டும் அறை கொதித்தது.

"உங்க ஆபீஸும் கண்ணாடிக் கட்டடம்தானே?" என்றாள் கோமளா, பிள்ளைக்கு விசிறிக்கொண்டே.

"அதுவும் இதுவும் ஒண்ணா? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்லயே எங்க கட்டடத்துக்குத்தான் கரெண்ட் செலவு கம்மி. அந்தக் கண்ணாடிய செலக்ட் பண்ணதே நான். நாங்கல்லாம் ரூல்ஸ்படி நடக்கிறவங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தான்.

"இன்னா சார், யாரப் பாக்கணும்?" என்றார் வாசலில் செக்யூரிட்டி.

"இந்தக் கண்ணாடி மாளிகைய நிர்வாகம் பண்ற மகராசன் யாரோ, அவரை."

உள்ளே ஜில்லென்று இருந்தது. அது வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சுவரில் பெரிய எழுத்தில், 'மின்சாரம் சேமிப்போம், பூமியைக் காப்போம்' என்று எழுதியிருந்தது. பூமியைக் காப்பாற்றுகிறார்களாம், எதிர் வீட்டை மட்டும் விட்டுவிட்டு.

மேனேஜர் முகமது இஸ்மாயில் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். எங்கேயோ பார்த்த முகம். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் சரவணக்குமார் இல்லை.

"உட்கார வரல சார். நீங்க ஏசி செலவை மிச்சம் பிடிக்க, என் பிள்ளை வேகணுமா? உங்களுக்கு வேண்டாத வெயிலை எடுத்து அடுத்தவன் வீட்டுக்குள்ள கொட்டுவீங்க. அதுக்கு பசுமைக் கட்டடம்னு பேரு வேற. வெக்கமா இல்ல?"

"தண்ணி குடிங்க சார்."

"உங்க தண்ணியும் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். திரை வாங்கி மாட்டிக்கோன்னு எவனாவது சொன்னான், செருப்பு பிஞ்சிரும். திரை போட்டா வெளிச்சம் நிக்கும், சூடு நிக்குமா? அதுகூடத் தெரியாதவன்லாம் எதுக்குய்யா இந்த வேலைக்கு வரணும்?"

இஸ்மாயில் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. சரவணக்குமாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"சிரிக்கிறீங்களா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்றது அத்தனையும் நியாயம். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வரிசையா தகடு பொருத்தப் போறோம். வெயில் கண்ணாடியில படாது, உங்க வீட்டுக்கும் திரும்பாது. உள்ள எங்களுக்கும் குளிர்ச்சி. செலவு ஜாஸ்தின்னு ஓனர் ஒத்துக்கல. வேலைய விட்டுப் போறேன்னு சொல்லித்தான் சம்மதிக்க வெச்சேன். நாளைக்கு ஆள் வர்றாங்க."

சரவணக்குமார் நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டாமென்ற தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"மன்னிச்சுக்கோங்க சார், பிள்ளை அழுத கோபம். ஆனா யாரும் வந்து சொல்லாமலே எங்க கஷ்டம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கும் அதே கஷ்டம்தான் சார். எஸ்டேட்ல உங்க ஆபீஸ் இருக்குல்ல, அந்தக் கண்ணாடிக்கு எதிர் வீடு என்னுது."

சரவணக்குமார் டம்ளரை மேஜையில் வைத்தான்.

"எங்க வீட்லயும் ஒரு பேரப்பிள்ளை இருக்கு. போன கோடையில அதைத் தூக்கிட்டு வந்து உங்களைப் பார்த்தேன். கேட்டுலயே நிக்க வெச்சு, 'நல்ல திரையா ஒண்ணு வாங்கி மாட்டுங்க பாய்'னு சொல்லி அனுப்பிட்டீங்க."