பேக்கரி மூலை

"பேக்கரி மூலையில நில்லு. அங்கேயிருந்து நகராதே. அவ அங்கதான் வருவா" என்றான் ரைனர், கண்ணாடியைப் பார்த்து முகத்தில் வெள்ளைச் சாயம் பூசியபடி.

லெஷெக் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். இருவரும் ரைன் நதியில் ஒரே சரக்குப் படகில் ஆறு வருடம் வேலை பார்த்தவர்கள். பிறகு லெஷெக் போலந்துக்கே திரும்பிவிட்டான். கார்னிவல் வேஷத் திருவிழாவுக்கு வா, வா என்று ரைனர் நச்சரித்து, இந்த வருடம்தான் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வர வாய்த்தது.

"அடையாளம் சொல்லுடா. ஊரே வேஷம் கட்டிக்கிட்டு நிக்குது."

"பதினேழு வயசு. நெட்டையா இருப்பா. போன வருஷம் பூனை வேஷம். இந்த வருஷம் என்னன்னு தெரியாது. மூக்கைப் பாரு, அப்படியே என் மூக்கு."

"ஐயோ பாவம் அந்தப் பொண்ணு."

ரைனர் சாயத் துணியை அவன்மேல் விட்டெறிந்தான். ஆனால் சிரிக்கவில்லை.

லியோனி அவன் மகள். அவளுக்கு எட்டு வயதானபோது, ரைனரின் குடி தாங்காமல் மனைவி பிரிந்துபோனாள். 'லியோனியாகக் கேட்டால் அவளைப் பார். அதுவரை நீயாக வராதே' என்றாள். அவனும் சரி என்று கையெழுத்துப் போட்டான். குடியை விட்டு ஏழு வருடம் ஆகிவிட்டது. மகள் மட்டும் கேட்கவே இல்லை.

ஊர்வல வண்டியில் நிற்கும் கோமாளி யாருக்கு வேண்டுமானாலும் மிட்டாய் எறியலாம் அல்லவா? அதற்காகவே ரைனர் ஒரு கார்னிவல் சங்கத்தில் சேர்ந்தான். வருடத்துக்கு ஒருமுறை, பிரிந்துபோன மனைவி மகளோடு குடியேறிய தெருவின் பேக்கரி மூலையில், அரை நிமிடம் மகளைப் பார்ப்பான்.

"முன்னேயெல்லாம் அம்மாவோட வருவா. போன வருஷம் தனியா நின்னா. மிட்டாய் கேட்டு ஒரு தடவைகூடக் கத்தலை. பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டுச் சும்மா நின்னா. சலிச்சுப் போச்சு போல. யாரோ ஒரு கோமாளி, எத்தனை வருஷம்தான் பார்ப்பா?"

"அதுக்கு?"

"நீ பக்கத்துல நின்னு பாரு. அவளுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடு. அடுத்த வருஷம் என் இடத்துல வேற ஆள் ஏறட்டும். கெஞ்சிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு, லெஷெக். போதும்."

லெஷெக்குக்குத் தேனீ வேஷம். வேறு எதுவும் அவன் தொப்பைக்குப் பொருந்தவில்லை.

பதினோரு மணிக்கெல்லாம் தெருவில் எள் விழ இடமில்லை. மிட்டாய் பிடிக்கக் குடைகளைத் தலைகீழாக விரித்துக்கொண்டு நின்றார்கள். "இந்தத் தேனீ ரெண்டு பேர் இடத்தை அடைச்சுக்கிச்சே!" என்று ஒரு மாமிசமலைக் கன்னியாஸ்திரீ அவனை இடித்தார். நல்ல ஆண் குரல்.

லியோனி பேக்கரிப் படியில் நின்றாள். கடற்கொள்ளைக்காரி வேஷம், ஒரு கண்ணில் கறுப்புத் துணி. மூக்கைப் பார்த்ததுமே லெஷெக்குக்குத் தெரிந்துவிட்டது.

வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. "கமெல்லே! கமெல்லே!" என்று மிட்டாய் கேட்டுத் தெருவே தொண்டை கிழியக் கத்தியது. லியோனி வாயே திறக்கவில்லை. இரண்டு தடவை கைபேசியைப் பார்த்தாள். காலடியில் வந்து விழுந்த சாக்லேட்டைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை.

ரைனர் சொன்னது சரிதான் என்று லெஷெக்குக்குத் தோன்றியது. சாயங்காலம் அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

ரைனரின் வண்டி வந்தது. வெள்ளை முகக் கோமாளி ஒரு கையால் வண்டிக் கம்பியைப் பிடித்தபடி கூட்டத்தைத் துழாவிப் பார்த்தான். படியில் நின்றவளைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான். பிறகு பெரிய சாக்லேட் பெட்டி ஒன்றைக் குறிபார்த்து எறிந்தான். லியோனி அதை இரு கைகளாலும் பிடித்தாள். கோமாளி லெஷெக்கைப் பார்த்துக் கையை உயர்த்தினான். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

பின்னால் இன்னும் நாற்பது வண்டிகளாவது வர இருந்தன. லியோனி பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கிளம்பியே விட்டாள்.

லெஷெக்கைத் தாண்டும்போது நின்றாள்.

"அந்தக் கோமாளி உங்களுக்குக் கை காட்டினாரே. தெரிஞ்சவரா?"

"ஒ... ஒண்ணா வேலை பார்த்தோம்மா."

"கால் வலியா அவருக்கு? போன வருஷம் இப்படிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலை."

"முட்டி கொஞ்சம் தகராறு."

"அடுத்த வருஷமும் ஏறுவாரா?"

"எதுக்குக் கேக்கறே? ஏதோ ஒரு கோமாளி..."

"மூஞ்சியில வெள்ளை அடிச்சுட்டா எங்கப்பாவை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா இப்படி? அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா நேர்லயே பார்க்கலாமே! இதே தெருவுல இருந்துக்கிட்டு..."

"அவர் பேரை எடுத்தா அம்மா ரெண்டு நாள் சாப்பிடமாட்டாங்க. அதுவும் இல்லாம நாங்க இந்தத் தெருவுல இல்லை, ஹாம்பர்க் போய் ரெண்டு வருஷமாச்சு" என்றாள் லியோனி. "கொலோன்ல ஒரு ஃப்ரெண்டைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு, இந்த அரை நிமிஷத்துக்காக நாலு மணி நேரம் ரயில்ல வர்றேன்."