நீலப்பூ மூடி

பழைய ஆங்கிலக் குடும்ப நகைச்சுவை நாடகம் ஒன்றை ஞானசேகரின் குழு மறுபடி தமிழில் மேடையேற்றிய அன்று, கடைசி நேரத்தில் டீபாட் உடைந்துபோனது. அவர் மனைவி புனிதா ஆட்டோ பிடித்து வீட்டு டீபாட்டைக் கொண்டுவந்தாள்.

"புனிதா, ஷைலாவ ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடணும்," என்றார் அவர், நாடகத்தில் மனைவியாக நடிப்பவளைக் காட்டி. "நம்ம வீடு எங்க இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது."

அதற்குள் மணி அடித்து, டீபாட் நேரே மேடைக்குப் போய்விட்டது. அதன் மூடியிலுள்ள நீலப்பூவைக் கைப்பிடிப் பக்கம் திருப்பாவிட்டால் மூடி கழன்று கோப்பையில் விழும். அதைச் சொல்லாமல் விட்டது முன்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் புனிதாவுக்கு நினைவு வந்தது.

மேடையில் கணவன் பொய்க்குமேல் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். ஷைலா அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் விரல்கள் மட்டும் மூடியைத் தடவித் திருகி, நீலப்பூவைக் கைப்பிடிக்கு நேரே நிறுத்தின. டீ ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்கியது.

அரங்கம் சிரித்தது.

"எவ்வளவு இயல்பா ஊத்துறா பாருங்க," என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

"ஆமா," என்றாள் புனிதா. "நல்லாப் பழகியிருக்கா."