நடுவில் இரண்டு நிறுத்தம்

டிக்கெட் போட்டுத் தருகிற அந்தப் பெண்மணி இரண்டு வருடமாகக் காத்திருந்த சந்தர்ப்பம், ஒரு மத்தியான வேளையில் தானாகவே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தது.

கணவன், மனைவி, இரட்டைப் பையன்கள். தெரிந்த குடும்பம்தான். உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு பிரம்மாண்டமான தீம் பார்க்கைப் பிள்ளைகளுக்குக் காட்டியே தீருவது என்று முடிவாகியிருந்தது.

"முடிவு எங்களோடது இல்லக்கா, இதுங்களோடது. நாங்க கூடப் போறோம், அவ்வளவுதான்" என்றாள் மனைவி.

"சட்டுபுட்டுன்னு போயிட்டு வர்ற மாதிரி பாருங்க" என்றார் கணவர். "நேரா போற ஃப்ளைட் இருக்காமே?"

இருந்தது. அவளுடைய திரையில் முதல் வரியிலேயே, நான்கு இருக்கைகளும் அடுத்தடுத்துக் காலியாக, வா வா என்று கூப்பிட்டது. அவள் திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போகலாம் சார். ஆனா அவ்வளவு மணி நேரம் ஒரே மூச்சுல இந்தப் பசங்களை உட்கார வெச்சிடுவீங்களா?"

எல்லோரும் பையன்களைப் பார்த்தார்கள். ஒருவன் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தான். இன்னொருவன் மேஜைக்கு அடியில் இருந்தான். மேஜை ஆடியது.

"வேணாம்" என்றார்கள் பெற்றோர் ஒரே குரலில்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. "போகும்போது நடுவுல ஒரு ஊர்ல இறங்கித் தங்கிடுங்க. பசங்களோட தூக்கம் கொஞ்சம் கொஞ்சமா மாறும். இல்லேன்னா அங்க போய் ராட்டினத்துல தூங்கி வழிவாங்க. பார்க்குக்கு ஒரு முழு வாரம் வேணும் சார், பாதி நாள் வரிசையிலேயே போயிடும். வரும்போது வேற ஊர் வழியா வாங்க. கடற்கரை இருக்கு. பார்க்ல அலைஞ்ச அலுப்புக்கு நீங்களும் கொஞ்சம் மூச்சு விட வேணாமா?"

ஒரு வாரத்துப் பயணம் அவள் விரல் நுனியில் மூன்று வாரமாக வளர்ந்துவிட்டது.

"அவ்வளவு நாள் வீட்டைப் பூட்டிப் போட்டுட்டா?" என்று மனைவி இழுத்தாள்.

இவளுக்குத் திக்கென்றது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஏம்மா, காவலுக்கு யாராவது வந்து படுத்துக்குவாங்களா? சொந்தக்காரங்க?" என்று கேட்டாள்.

"யாருக்கா வர்றா?"

"அப்ப விடு. அதான் நாங்க இருக்கோமே."

"உங்களை மாதிரி யாரு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வாங்க!" மனைவி நெகிழ்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அதற்குள் டிக்கெட் அச்சாகி வெளியே வந்துவிட்டது.

அவர்கள் போனதும் முதலாளி எட்டிப் பார்த்தார். "நேர் ஃப்ளைட்ல இடம் இருந்ததே, ஏன் அதைப் போடல?"

"நாலு சீட் ஒண்ணா இல்ல சார்" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் சொன்ன முதல் பொய்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கணவனுக்குப் போன் போட்டாள். பகலில் அவர் வீட்டில்தான் இருப்பார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. போக ஒரு இடம், வர ஒரு இடம், ரெண்டு பக்கமும் நிறுத்தி வெச்சுட்டேன்."

"வீட்டுல யாராவது?"

"ஈ காக்கா இருக்காது."

"சந்தேகம் எதுவும் வரலையே?"

"நன்றி சொல்லிட்டுப் போறாங்க, பாவம்."

"எனக்கு இன்னும் நம்பவே முடியலடி" என்றார்.

புறப்படும் நாள் வந்தது. வாசலில் டாக்சி நின்றது. இவளும் இவள் கணவருமாகப் போய் நின்று, பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்து, பையன்களின் கன்னத்தைக் கிள்ளி வழியனுப்பினார்கள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் கையாட்டினார்கள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அவள் கணவர் மெதுவாக.

உள்ளே வந்து கதவைத் தாளிட்டாள். திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். இரண்டு போன்களையும் அணைத்தாள். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றினார்.

பிறகு இருவரும் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அந்தக் குடும்பம் குடியிருந்தது நேர் மேல் வீட்டில். இவள் கணவர் ராத்திரியெல்லாம் அச்சகத்தில் மிஷின் ஓட்டிவிட்டு, விடிந்து வந்து படுப்பவர். தலைக்கு மேலே இரண்டு பையன்கள் சோபாவிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து சோபாவுக்கும் குதித்துக் குதித்து, இரண்டு வருடமாக அவருக்குக் கண்ணோடு கண் மூடக் கொடுத்துவைக்கவில்லை. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரைக்குத் தூக்கம் வந்திருக்கும், இவருக்கு வரவில்லை. அவருக்குத் துணையாக அவளும் வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் தூங்கினார்களோ, கட்டில் அதிர்ந்தது. மின்விசிறி ஆடியது. உத்தரத்திலிருந்து காரை உதிர்ந்து அவர் மூக்கில் விழுந்தது.

கலைந்த தலையோடு அவள் மாடிக்கு ஓடினாள். மேல் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. கூடம் முழுக்கப் புழுதி. டிரில் மிஷினோடு நின்றிருந்த கொத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தரையை மொத்தமா பேர்த்து வேற கல்லு போடணும்னு சார் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாரும்மா. சேர்ந்தாப்புல மூணு வாரம் வீடு காலியா கிடைச்சாத்தான் முடியும்னுட்டேன், அவரும் விட்டுட்டாரு. இப்ப யாரோ ஒரு மகராசி, அங்க தங்கு இங்க தங்குன்னு டிக்கெட்டைச் சரியா மூணு வாரத்துக்கு இழுத்துக் குடுத்துட்டாங்களாமே!"