செப்டம்பர்ப் பூச்சிகள்

மூன்று மணிக்கு மேகம் மூடியது. தூறல் விழுந்ததும் உனித்சா ஆற்றின் மேல் பூச்சிகள் கிளம்பின.

கோடையில் கிளம்புபவை பெரியவை. செப்டம்பரில் எள்ளளவுதான் இருக்கும். டிரவுட் மீன் அப்போது வேறெதையும் தொடாது. முள்ளில் நூல் சுற்றிச் செய்கிற பொய்ப்பூச்சியும் அதே அளவில் இருந்தாக வேண்டும்.

சிரில் இந்த ஆற்றில் முப்பத்தொரு வருடமாக வழிகாட்டி. வருகிறவர்களின் தூண்டிலில் பூச்சியைக் கட்டிக் கொடுத்து, மீன் நிற்கும் இடத்தைக் காட்டுவது அவர் வேலை. அடுத்த வருட உரிமத்துக்குப் பெயர் எழுதுவதற்கு முன்னால் மீனவர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஒரு நாள் அவரோடு மீன் பிடித்துப் பார்ப்பார். இந்த முறை வந்தவள் நெவெங்கா.

காலையில் அவர் மனைவி மிலேனா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஏழு பூச்சிகளுக்குத் தூண்டில் நரம்பு கோத்துக் கொடுத்திருந்தாள். அந்த ரகசியம் வீட்டைத் தாண்டியதில்லை. நரம்போடு நரம்பை முடிய அவருக்குக் கண் வேண்டாம், விரலே போதும்.

இரண்டைக் கரையோர வில்லோ மரம் பிடுங்கிக்கொண்டது. நான்கை மீன். ஏழாவதும் இப்போது அறுந்துபோனது.

முழங்கால் நீரில் முதுகைத் திருப்பிக்கொண்டு, நரம்பு கோக்காத எட்டாவதை வானத்துக்கு எதிரே பிடித்தார். முள்ளின் காது தெரியவில்லை. நரம்பின் நுனியை எச்சிலில் நனைத்து, குத்துமதிப்பாக நீட்டினார். மறுபடி. மறுபடி.

“என்னண்ணே, பூச்சிக்கு மோதிரமா போடுறீங்க? மீனெல்லாம் சாப்பிட்டுத் தூங்கப் போயிரும்!”

“குளிரும்மா. விரல் விறைச்சுப்போச்சு.”

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். அவர் மீண்டும் நரம்பை நீட்டினார். அது எதிலும் படவில்லை. அவள் சிரிப்பு நின்றது.

பிறகு அவள் தன் தூண்டிலைச் சுருட்டும் சத்தம் கேட்டது.

“பூச்சி நின்னுபோச்சுண்ணே. ஒரு மீனும் மேல வரல. நீங்க என்ன பண்ணுவீங்க? கிளம்பலாம்.”

சிரில் தலையைச் சாய்த்தார். வில்லோவின் அடியில் ஒரு மீன் ‘ப்ளுக்’ என்று வாய் வைத்தது. பாறைக்கு அப்பால் இரண்டு. அவள் காலுக்குப் பக்கத்திலேயே ஒன்று, பெரியது.

“ஆமாம்மா,” என்றார். “நின்னுபோச்சு. அடுத்த வருசத்துக்கு என் பேர எழுதிராத.”

பெரியது மறுபடி வாய் வைத்தது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.