அச்சு அசல்

“ஜெராக்ஸ் அண்ணே, இன்னிக்கு ஐட்டம் உண்டுதானே?”

“பின்னே? இன்னிக்கு விட்டா அப்புறம் ஆளை எங்க போய்த் தேடுறது?”

கூரியர் ஆபீசின் சாப்பாட்டு அறையில் மேஜைகளை ஓரம் தள்ளியாகிவிட்டது. எடை கிளார்க்குக்கு இன்று கடைசி நாள். ஏழு வருஷம் இருந்தவன், வேறு வேலைகூடத் தேடிக்கொள்ளாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். கொழுப்பு என்று ஆபீசே ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

பார்சல் செக்‌ஷன் சீனியருக்கு ஜெராக்ஸ் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. பழைய மேனேஜரின் தும்மல், டிரைவரின் கொட்டாவி என்று யாரை வேண்டுமானாலும் அச்சு அசலாக நடித்துக் காட்டுவார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எடை கிளார்க் ஐட்டம்தான். ஐந்து வருஷமாக ஹவுஸ்ஃபுல்.

அது பிறந்த கதை சின்னது. அப்போது அவன் எடை மெஷினில் இல்லை, முன்பக்கம் போன் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மாடிப்படியில் ஜெராக்ஸை நிறுத்தினான்.

“அண்ணே, கூடப் பிறந்தவரா நினைச்சுச் சொல்றேன். வீட்டுல எனக்குப் பொண்ணு பார்க்கிறாங்க. எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போகாதுண்ணே. நான் விரும்புறது ஒரு ஆம்பளையை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்டா தம்பி.”

ஜெராக்ஸ் வாக்குத் தவறாதவர். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் நடித்துத்தான் காட்டினார்.

இன்றைய ஐட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சூப்பர்வைசர் நாற்காலி காலி. அதில் யாரை உட்கார வைப்பது என்பது புதிதாக வந்த மேனேஜரம்மா கையில். நாலு மாசமாக அந்த அம்மாவிடம் நல்ல பேர் வாங்க ஜெராக்ஸ் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்க வைத்துவிட்டால் நாற்காலி நமக்குத்தான் என்பது அவர் நம்பிக்கை.

கேக் வெட்டினார்கள்.

“இவன் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி” என்று கேஷியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டுப் பிள்ளையின் மேஜை டிராயருக்குள் வாரம் ஒரு லிப்ஸ்டிக் போட்டு வைத்த புண்ணியவானும் அவர்தான்.

“தங்கமான பையன். யார்கூடவும் ஒட்ட மாட்டான், அது ஒண்ணுதான் குறை” என்றார் டிரைவர்.

அவன் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

ஜெராக்ஸ் களத்தில் இறங்கினார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கைகளை வீசி வீசி நடந்து வந்தார். காதில் போன் இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, “வணக்கம்ங்க... சொல்லுங்க, உங்க பார்சல் எங்கங்க போகணும்?” என்று ராகம் போட்டு இழுத்தார். கடைசியில் அந்தச் சிரிப்பு. படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, சலசலவென்று கொட்டுகிற சிரிப்பு.

கேஷியருக்குப் புரையேறியது. ஆளாளுக்கு மேஜையைத் தட்டினார்கள்.

மேனேஜரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “யாரு இது?” என்றார்.

“என்ன மேடம், தெரியலையா? இங்கேயேதான் நிக்கிறாரு!”

மேனேஜரம்மா ஒவ்வொருவராகப் பார்த்தார். “நிஜமாவே தெரியலையே.”

“இவன்தான் மேடம்! நம்ம எடை கிளார்க்!”

“இவரா?” மேனேஜரம்மா அவனைப் பார்த்தார். “நாலு மாசமா தினமும் பார்க்கிறேன். இவர் கையை வீசி நடந்ததில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதில்லை. சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. உங்க நடிப்பு எங்கேயோ தப்பாப் போகுது.”

மேஜை தட்டிய கைகள் நின்றன.

“போன் வேண்டாம், பின்னாடி எடை மெஷினுக்கு மாத்துங்கன்னு கேட்டானே, அப்ப சிரிக்கிறதை நிறுத்தினானோ?” என்றார் கேஷியர் மெதுவாக.

“அதுக்கும் முன்னாடியே இருக்கும்” என்றார் டிரைவர். யாருக்கும் சரியாக நினைவில்லை.

ஜெராக்ஸுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மனுஷனைக் குறை சொல்லலாம், அவர் கலையைக் குறை சொல்லலாமா?

“தப்பா? மேடம், இது சுத்தமா இவன் சிரிப்புதான்! பார்சல் வரலைன்னு போன்ல கத்துறவங்ககூட இவன் சிரிப்பைக் கேட்டா அடங்கிடுவாங்க. அப்படியே பிடிச்சு வெச்சிருக்கேன். சந்தேகமா? ஆளே இருக்கானே!”

அவன் தோளைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“தம்பி, அண்ணன் மானத்தைக் காப்பாத்துடா. ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டு.”

யாருக்கும் மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் அவனுக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. வாயைத் திறந்தான். தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி முயன்றான். வெறும் காற்றுதான் வந்தது.

“வேண்டாம், விடுங்க” என்றார் மேனேஜரம்மா.

“மன்னிச்சிடுங்க மேடம்.” தப்புச் செய்தவன்போல அவன் தலை குனிந்தான். “வீட்டுல தனியா இருக்கும்போதும் பண்ணிப் பார்த்துட்டேன், வரல. அண்ணன் பண்றப்ப இந்தக் கதவுக்கு வெளியில நின்னு கேட்டுப்பேன். அவர் தப்பாப் பண்ணல மேடம். என் சிரிப்பு இப்ப அவர்கிட்ட மட்டும்தான் இருக்கு.”